அமெரிக்காவின் தொடக்கக்காலத்தில் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் என்றால் யார்?

அமெரிக்காவின் பழைய தலைவர்கள் யாருடைய வாழ்க்கைக் குறிப்பை எடுத்தாலும் ஒரு வரி கண்ணில் படும்: "மாநிலச் சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தார்." தாமஸ் ஜெஃபர்சன் வர்ஜீனியா சட்டமன்றத்தில் இருந்தார். ஜேம்ஸ் மேடிசனும் அங்கேதான். காடு கடந்து கென்டக்கிக்கு வழி திறந்த டேனியல் பூன் அதே அவையில் உட்கார்ந்தவர். ஆபிரகாம் லிங்கன் இல்லினாய் மாநிலத்தில் இருந்தார். பெரிய பதவிக்குப் போகும் வழியில் ஏறிய சின்னப் படி என்று நினைத்து அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறோம். உண்மையில் 1776-ல் சுதந்திரம் அறிவித்த பிறகு பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு அந்த நாட்டில் அதைவிட அதிகாரமான இடம் வேறு இல்லை.

ஏன் அப்படி என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். சுதந்திரத்துக்கு முன்பு அமெரிக்கா 13 காலனிகளாக இருந்தது. பெரும்பாலான காலனிகளில் ஆளுநரை நியமித்தது பிரிட்டிஷ் அரசர்தான். மக்கள் தேர்ந்தெடுத்த அவையும் இருந்தது. வர்ஜீனியாவில் 1619-லேயே அப்படி ஓர் அவை கூடியிருக்கிறது. ஆனால் அவை நிறைவேற்றியதை ஆளுநர் தடுக்கலாம், பிடிக்கவில்லை என்றால் அவையையே கலைத்துவிடலாம். இப்படிப் பல தலைமுறை பட்டவர்கள் 1776-ல் தங்களுக்கு அரசமைப்புச் சட்டம் எழுத உட்கார்ந்தபோது ஆளுநர் என்ற சொல்லே கசந்தது. வர்ஜீனியாவில் ஆளுநரை ஆண்டுதோறும் சட்டமன்றமே தேர்ந்தெடுத்தது. சட்டத்தைத் தடுக்கும் அதிகாரம் அவருக்குத் தரப்படவில்லை. பென்சில்வேனியா இன்னும் ஒரு படி மேலே போனது. ஆளுநர் பதவியே வேண்டாம் என்று 12 பேர் கொண்ட ஒரு குழுவை வைத்தது. மேலவையும் வேண்டாம், ஒரே அவை போதும் என்றது. அந்தச் சட்டத்தை எழுதிய மாநாட்டுக்குத் தலைவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின்.

ஆக, அதிகாரம் முழுக்க உறுப்பினர் கையில் வந்து சேர்ந்தது. வரி போடுவது, காகிதப் பணம் அச்சிடுவது, படைக்கு ஆள் எடுப்பது, நீதிபதிகளை நியமிப்பது, எல்லா மாநிலங்களுக்கும் பொதுவான காங்கிரஸ் அவைக்கு ஆள் அனுப்புவது எல்லாம் அவர்கள் பாடு. ஆற்றில் படகுத் துறை வைக்க அனுமதியும் அவர்களிடம்தான் கேட்க வேண்டும். பல மாநிலங்களில் விவாகரத்துக்குக்கூடத் தனிச் சட்டம் நிறைவேற வேண்டும்.

அந்த உறுப்பினர்களின் ஓட்டு ஒரு தனி மனிதருக்கு என்ன செய்தது என்பதை ஒரே ஒரு மனுவை வைத்துப் பார்க்கலாம். ஜேம்ஸ் என்ற அடிமை மனிதர் விடுதலைப் போரின்போது பிரிட்டிஷ் முகாமுக்குள் வேலையாளாக நுழைந்து, அங்கே கண்டதையும் கேட்டதையும் பிரெஞ்சுத் தளபதி லஃபாயட்டுக்குச் சொல்லி அனுப்பியவர். போர் முடிந்தது, நாடு விடுதலை பெற்றது, அவர் அடிமையாகவே இருந்தார். 1784-ல் லஃபாயட் தன் கையால் ஒரு நற்சான்று எழுதிக் கொடுத்தார். அதைச் சேர்த்து வர்ஜீனியா சட்டமன்றத்துக்கு மனுப் போட்டார் ஜேம்ஸ். 1787-ல் அவை அவரை விடுவித்தது. உரிமையாளருக்குப் பொதுப் பணத்திலிருந்து இழப்பீடு கொடுத்தது. அதன் பிறகு அவர் ஜேம்ஸ் லஃபாயட் என்று பெயர் வைத்துக்கொண்டார். ஒரு மனிதர் யாருக்கும் சொந்தமில்லை என்று சொல்ல ஓர் அவை கூடி ஓட்டுப் போட வேண்டியிருந்தது. "உறுப்பினராக இருந்தார்" என்ற வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த மனுதான் நினைவுக்கு வருகிறது.

யார் போட்டியிடலாம்?

சரி, இவ்வளவு அதிகாரமுள்ள இடத்துக்கு யார் வேண்டுமானாலும் போக முடியுமா? முடியாது. மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறுபட்டது, ஆனால் பெரும்பாலான இடங்களில் முதல் கேள்வி "உன்னிடம் எவ்வளவு சொத்து இருக்கிறது?" என்பதுதான்.

மேரிலாந்தில் கீழவைக்குப் போக 500 பவுண்டு சொத்து வேண்டும், மேலவைக்கு 1,000. நியூ ஜெர்சியிலும் ஏறக்குறைய அதே கணக்கு. மாசசூசெட்ஸின் 1780 சட்டப்படி கீழவை உறுப்பினருக்கு 100 பவுண்டு மதிப்புள்ள நிலமாவது 200 பவுண்டு மொத்தச் சொத்தாவது இருக்க வேண்டும். மேலவைக்கு அது மூன்று மடங்கு. வட கரோலினாவில் பணக் கணக்கு கிடையாது, நிலக் கணக்குதான்: கீழவைக்கு 100 ஏக்கர், மேலவைக்கு 300 ஏக்கர். சொந்த நிலம் உள்ளவன்தான் யாருக்கும் அஞ்சாமல் ஓட்டுப் போடுவான், கூலிக்காரன் முதலாளி சொன்னபடி கை தூக்குவான் என்பது அவர்கள் சொன்ன நியாயம்.

தென் கரோலினாவின் 1790 சட்டத்தைப் படித்தால் அந்த நியாயத்தின் அடியில் என்ன கிடந்தது என்று தெரியும். கீழவையில் உட்கார 500 ஏக்கர் நிலமும் பத்து கறுப்பின அடிமைகளும் இருக்க வேண்டும், இல்லையென்றால் 150 பவுண்டு மதிப்புள்ள நிலபுலம் வேண்டும். மாடு கன்று, வீடு வாசலைப் போல மனிதர்களையும் தலை எண்ணி, உறுப்பினர் ஆவதற்கான தகுதியாக அரசமைப்புச் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். யாரோ கோபத்தில் பேசிய பேச்சு இல்லை இது, நிதானமாக உட்கார்ந்து எழுதிய வாசகம்.

இதற்கு நேர் எதிரில் நின்றது பென்சில்வேனியா. உறுப்பினருக்குச் சொத்துத் தகுதியே கிடையாது. அறிவுக்கும் நேர்மைக்கும் பெயர் பெற்றவர்களாக இருக்க வேண்டும், அந்தப் பகுதியில் இரண்டு ஆண்டு குடியிருந்திருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னது. ஓட்டுப் போடவும் நிலம் வேண்டியதில்லை. 21 வயதான ஆண், ஓராண்டு குடியிருந்து வரி கட்டியிருந்தால் போதும். அந்தக் காலத்துக்கு இது மிகவும் துணிச்சலான ஏற்பாடு. கைத்தொழில் செய்பவர்களும் சிறு விவசாயிகளும் உள்ளே வர வழி கிடைத்தது அப்படித்தான்.

ஆனால் அங்கே வேறொரு கதவு சாத்தியிருந்தது. உட்காரும் முன் ஒவ்வோர் உறுப்பினரும் பழைய ஏற்பாடும் புதிய ஏற்பாடும் இறைவன் அருளியவை என்று உறுதிமொழி சொல்ல வேண்டும். புதிய ஏற்பாட்டை ஏற்காத யூதர் அதைச் சொல்ல முடியாது. 1783 டிசம்பரில் ஃபிலடெல்ஃபியா யூதர்கள் இதை நீக்கச் சொல்லி மனுக் கொடுத்தார்கள். கையெழுத்திட்டவர்களில் ஹேம் சாலமன் ஒருவர். போருக்குப் பணம் திரட்டிக் கொடுத்ததில் பெரும் பங்கு அவருடையது. மனு உடனே பலிக்கவில்லை. 1790-ல் புதிய அரசமைப்புச் சட்டம் வந்தபோதுதான் அந்த வாசகம் போனது.

வட கரோலினாவில் புராட்டஸ்டன்ட் மதத்தின் உண்மையை மறுப்பவர் அரசுப் பதவி வகிக்கக் கூடாது என்று விதி இருந்தது. ஜேக்கப் ஹென்றி என்ற யூதர் அங்கே கீழவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். 1809-ல் இந்த விதியைக் காட்டி அவரை வெளியேற்ற ஒரு சக உறுப்பினர் முயன்றார். ஹென்றி எழுந்து, தன் மனச்சாட்சி தன்னுடையது என்று அவையிலேயே வாதாடினார். அவருடைய இடம் நிலைத்தது. விதியும் அப்படியே இருந்தது. வர்ஜீனியாவிலோ பாதிரியார்களே உறுப்பினர் ஆகக் கூடாது, எந்தச் சபையைச் சேர்ந்தவராக இருந்தாலும் சரி.

ஓராண்டுக்கு ஓர் உறுப்பினர்

அந்தக் காலத்தில் வாய்க்கு வாய் புழங்கிய ஒரு பழமொழி உண்டு: ஆண்டுத் தேர்தல் எங்கே முடிகிறதோ அங்கே கொடுங்கோல் தொடங்கும். பெரும்பாலான மாநிலங்களில் கீழவைக்கு ஆண்டுதோறும் தேர்தல் நடந்தது. கனெக்டிகட்டிலும் ரோட் ஐலண்டிலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. பென்சில்வேனியாவில் ஆண்டுத் தேர்தலோடு இன்னொரு கட்டும் இருந்தது: ஏழு ஆண்டுக்குள் நான்கு ஆண்டுக்கு மேல் ஒருவர் உறுப்பினராக இருக்க முடியாது. போய் வயலைப் பார், கடையைப் பார், மற்றவர்கள் போடும் சட்டத்துக்கு நீயும் கொஞ்ச நாள் அடங்கி இரு, அப்புறம் வா என்பதுதான் எண்ணம்.

தேர்தல் எப்படி நடந்தது என்பதையும் பார்த்துவிடலாம். வர்ஜீனியாவில் வாக்குச் சீட்டு கிடையாது. ஒவ்வொரு கவுண்டியிலும், அதாவது நம்மூர் மாவட்டம் போன்ற பகுதியிலும், நீதிமன்றக் கட்டடத்தில் ஷெரிஃப் என்ற அதிகாரி உட்கார்ந்திருப்பார். நிலம் வைத்திருக்கும் ஆண்கள் ஒவ்வொருவராக முன்னே வந்து, எல்லோர் காதிலும் விழும்படி யாருக்கு ஓட்டு என்று வாயால் சொல்ல வேண்டும். வேட்பாளர்கள் அங்கேயே இருப்பார்கள், தமக்கு ஓட்டுப் போட்டவருக்கு நன்றி சொல்வார்கள். வாக்காளர்களுக்குச் சாராயம் வாங்கி ஊற்றுவது வழக்கம். 1777-ல் மேடிசன் அதைச் செய்ய மாட்டேன் என்று நின்றார், தோற்றுப்போனார். பின்னாளில் அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தின் தந்தை என்று பெயர் வாங்கப் போகிற மனிதருக்கு அந்த ஆண்டு சொந்த ஊரில் கிடைத்தது அதுதான்.

வென்றபின் எத்தனை பேருக்காகப் பேசுகிறோம் என்பதும் இடத்துக்கு இடம் மாறும். வர்ஜீனியாவில் கவுண்டி பெரிதோ சிறிதோ, ஒவ்வொன்றுக்கும் கீழவையில் இரண்டு உறுப்பினர். போரிடத் தகுந்த ஆண்கள் 100 பேரே உள்ள வார்விக் கவுண்டிக்கும் 1,746 பேர் உள்ள லௌடன் கவுண்டிக்கும் ஒரே எடை என்று ஜெஃபர்சன் கணக்கெடுத்துக் காட்டிக் குறைபட்டார். அவையிடம் மிதமிஞ்சிய அதிகாரம் குவிந்ததும் அவருக்கு உறுத்தியது. இரண்டு அவைகளிலும் சேர்த்து அப்போது 173 உறுப்பினர்கள். ஒருவரின் கொடுங்கோல் எவ்வளவு கொடியதோ 173 பேரின் கொடுங்கோலும் அவ்வளவு கொடியதுதான் என்று எழுதினார். தானே உறுப்பினராக இருந்தவர், ஆளுநராகவும் இருந்தவர் சொன்னது என்பதால் அதற்குக் கனம் அதிகம்.

மாசசூசெட்ஸில் உறுப்பினர் என்பவர் ஊரின் ஆள். ஊர்க் கூட்டம் கூடித்தான் அவரைத் தேர்ந்தெடுக்கும். அனுப்பும்போது "இந்த மசோதா வந்தால் இப்படி நில், அந்த வரிக்குச் சம்மதிக்காதே" என்று எழுதியும் கொடுக்கும். இப்படிக் கட்டளை கொடுக்கும் உரிமையை அந்த மாநிலம் தன் உரிமைப் பட்டியலிலேயே சேர்த்திருந்தது; பென்சில்வேனியாவும்தான். ஆனால் அவருடைய தினப்படியையும் ஊர்தான் தர வேண்டும். ஒரு கூட்டத்தொடருக்கு ஒருமுறை போய்வரும் செலவை மட்டும் மாநிலம் கொடுக்கும். மேற்கே மலைப்பக்கத்தில் கடனில் தவித்த ஊர்கள் பல, செலவுக்குப் பயந்து யாரையும் அனுப்பாமலே விட்டன. அனுப்பாத ஊருக்கு அபராதம் போடவும் சட்டத்தில் இடமிருந்தது. 1786-ல் அந்தப் பக்கத்து விவசாயிகள் ஆயுதம் தூக்கியதற்கு வரியும் கடனும்தான் காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள், அது சரிதான். அவர்களுக்காகப் பேச வேண்டிய நாற்காலிகள் பாஸ்டனில் காலியாகக் கிடந்ததையும் அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

போர்க் காலத்தில் உறுப்பினராக இருப்பது ஆபத்தும்கூட. 1781 ஜூன் மாதம் வர்ஜீனியா சட்டமன்றம் பிரிட்டிஷ் படைக்குத் தப்பி சார்லட்ஸ்வில் ஊரில் கூடியிருந்தது. அதைப் பிடிக்க பிரிட்டிஷ் தளபதி டார்ல்டனின் குதிரைப்படை வருவதைக் கண்ட ஜாக் ஜூவட் என்ற இளைஞர் இரவோடு இரவாக 40 மைல் குதிரையில் வந்து எச்சரித்தார். பெரும்பாலானோர் மலை தாண்டி ஸ்டான்டன் ஊருக்குத் தப்பினார்கள். ஏழு உறுப்பினர்கள் பிடிபட்டார்கள். அவர்களில் ஒருவர் டேனியல் பூன். சில நாளில் விடுவிக்கப்பட்டார்.

கோரம் என்ற சின்னச் சொல்

உறுப்பினருக்கு ஓட்டைவிடப் பெரிய ஆயுதம் ஒன்று இருந்தது: வராமல் இருப்பது. அவை நடக்கக் குறைந்தது இத்தனை பேர் இருந்தே ஆக வேண்டும் என்ற எண்ணிக்கைக்குக் கோரம் என்று பெயர். மாசசூசெட்ஸ் கீழவையில் 60 பேர் போதும். பென்சில்வேனியாவிலோ மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். நாலு பேர் கூடிக்கொண்டு ஊருக்குச் சட்டம் போட்டுவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் வைத்த விதி. அதே விதி, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆட்கள் எழுந்து போனால் அவை முடங்கும் என்ற நிலையையும் உண்டாக்கியது.

1787 செப்டம்பரில் அது நடந்தது. அமெரிக்காவின் புதிய அரசமைப்புச் சட்டம் 17-ஆம் தேதி ஃபிலடெல்ஃபியாவில் கையெழுத்தாகியிருந்தது. அதை ஏற்பதா என்று முடிவு செய்ய மாநில மாநாடு கூட்ட வேண்டும். ஆதரவாளர்களுக்கு ஒரே அவசரம், ஏனென்றால் பென்சில்வேனியா அவையின் ஆயுள் முடியப்போகிறது. அக்டோபர் தேர்தலில் யார் வருவார்களோ தெரியாது. 28-ஆம் தேதி ஜார்ஜ் கிளைமர் என்ற உறுப்பினர் தீர்மானம் கொண்டுவந்தார். மாநாடு கூட்டலாம் என்ற அளவில் 43 பேர் ஆதரவு, 19 பேர் எதிர்ப்பு. தேதி குறிப்பதை மாலைக்குத் தள்ளி வைத்துக் கலைந்தார்கள். நான்கு மணிக்குத் திரும்பி வந்து எண்ணினால் 44 பேர்தான் இருந்தார்கள். 69 பேர் கொண்ட அவைக்குக் கோரம் 46. எதிர்த்த 19 பேரில் ஒருவரும் வரவில்லை. அவைக் காவலரை விடுதிக்கு அனுப்பினார்கள். வர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் காலை ஒரு கும்பல் அவர்கள் தங்கியிருந்த இடத்துக்குள் புகுந்தது. ஃபிராங்க்ளின் கவுண்டி உறுப்பினர் ஜேம்ஸ் மெக்கால்மன்ட், டாஃபின் கவுண்டி உறுப்பினர் ஜேக்கப் மைலி இருவரையும் தெரு வழியாக இழுத்து வந்து அவைக்குள் தள்ளியது. சுதந்திரப் பிரகடனம் நிறைவேறிய அதே கட்டடம். 44-உம் இரண்டும் 46. கோரம் ஆகிவிட்டது.

மெக்கால்மன்ட் எழுந்தார். தெரியாத ஆட்கள் தன்னைப் பலவந்தமாகக் கொண்டு வந்தார்கள், போக அனுமதி வேண்டும் என்றார். விதியை வாசித்தார்கள்: வராத உறுப்பினருக்கு அபராதம் இரண்டரை ஷில்லிங், அதனால் கோரம் இல்லாமல் போனால் ஐந்து ஷில்லிங். அவ்வளவுதானே என்று அவர் பையிலிருந்து வெள்ளிக்காசுகளை எடுத்து, இதோ ஐந்து ஷில்லிங், என்னை விடுங்கள் என்றார். பார்வையாளர் பகுதியில் சிரிப்பு. அபராதம் வாங்க வேண்டியவர் இடத்தில் இல்லை என்று சபாநாயகர் தாமஸ் மிஃப்லின் காசை வாங்கவில்லை. மெக்கால்மன்ட் கதவை நோக்கி நகர்ந்தார், தடுத்துவிட்டார்கள். அவரை விடலாமா என்று அவை வாக்கெடுத்து, கூடாது என்று முடிவு செய்தது. அப்புறம் மாநாட்டுக்கான தேர்தல் நவம்பர் முதல் செவ்வாய் என்று தீர்மானித்தது. டிசம்பர் 12-ல் அந்த மாநாடு 46-க்கு 23 என்ற கணக்கில் புதிய சட்டத்தை ஏற்றது.

இந்தச் சட்டம் நல்லதா என்பது வேறு கேள்வி. மெக்கால்மன்ட் கேட்டது அதுவல்ல. பென்சில்வேனியா விதிப்படி, அவசரம் இல்லாத எந்த மசோதாவையும் அச்சிட்டு மக்கள் முன் வைத்து, அடுத்த கூட்டத்தொடர் வரை காத்திருந்துதான் நிறைவேற்ற வேண்டும். மலைக்கு அப்பால் இருக்கும் தன் ஊர் மக்கள் படிக்கக்கூட நேரமில்லாமல் இவ்வளவு பெரிய முடிவா என்பதுதான் அவர் தரப்பின் மனக்குறை. அதில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன்.

கதவு யாருக்குத் திறந்தது?

அடுத்த ஐம்பது ஆண்டுகளில் சொத்துத் தகுதி மெல்ல மெல்ல உதிர்ந்தது. மேற்கே புதிதாகச் சேர்ந்த மாநிலங்கள் பல அதை வைக்கவே இல்லை. இல்லினாயின் 1818 சட்டப்படி கீழவை உறுப்பினருக்கு 21 வயது, குடியிருப்பு, ஏதாவது வரி கட்டிய கணக்கு இருந்தால் போதும். 1834-ல் 25 வயது லிங்கன் வென்றபோது, கடன் வாங்கிய பணத்தில் புது உடை தைத்துக்கொண்டுதான் தலைநகர் வண்டேலியாவுக்குப் போனார். மேரிலாந்தின் 1776 விதி அங்கே இருந்திருந்தால் அவர் வாசலைத் தாண்டியிருக்க முடியாது.

அதே காலத்தில் வேறு சிலருக்குக் கதவு மூடியது. நியூ ஜெர்சியின் 1776 சட்டம் 50 பவுண்டு சொத்துள்ள "குடியிருப்போர் எல்லோரும்" ஓட்டுப் போடலாம் என்றதால், கணவனை இழந்த பெண்களும் மணமாகாத பெண்களும் விடுதலை பெற்ற கறுப்பினத்தவரும் ஓட்டுப் போட்டார்கள். 1807-ல் சட்டமன்றமே அந்த உரிமையைப் பறித்தது. வட கரோலினாவில் 1835-லும் பென்சில்வேனியாவில் 1838-லும் கறுப்பின ஆண்களின் ஓட்டு போனது. இதற்கு நடுவே 1836-ல் வெர்மான்ட் மாநிலத்தில் அலெக்சாண்டர் ட்வைலைட் என்ற பள்ளி ஆசிரியர் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அமெரிக்காவில் ஒரு மாநிலச் சட்டமன்றத்தில் உட்கார்ந்த முதல் ஆப்பிரிக்க வம்சாவளியினர் அவர்.

உறுப்பினர் ஓட்டின் ஒரு பெரிய அதிகாரம் மட்டும் நெடுநாள் நீடித்தது. 1913 வரை அமெரிக்க நாடாளுமன்ற மேலவையான செனட்டின் உறுப்பினர்களை மாநிலச் சட்டமன்றங்களே தேர்ந்தெடுத்தன. 1858-ல் செனட் இடத்துக்காக லிங்கனும் அவரோடு போட்டியிட்ட ஸ்டீஃபன் டக்ளஸும் ஊர் ஊராகப் போய் வாதாடினார்களே, அந்தத் தேர்தலில் வாக்குச் சீட்டில் இருவர் பெயரும் இல்லை. மக்கள் தேர்ந்தெடுத்தது இல்லினாய் சட்டமன்ற உறுப்பினர்களை. 1859 ஜனவரியில் அந்த உறுப்பினர்கள் 54-க்கு 46 என்று டக்ளஸைத் தேர்ந்தெடுத்தார்கள்.

கோரம் கணக்கும் லிங்கனை விடவில்லை. 1840 டிசம்பரில் தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டுக்கு மாறியிருந்தது. அவை ஒரு தேவாலயத்தில் கூடியது. அன்று கூட்டத்தொடரை முடித்துவிட்டால் மாநில வங்கி மறுபடி காகிதப் பணத்துக்கு ஈடாக வெள்ளியும் தங்கமும் கொடுக்க வேண்டிவரும், திணறிப்போகும். வங்கியைக் காப்பாற்ற நினைத்த லிங்கனின் கட்சிக்காரர்கள் அவைக்கு வராமல் இருந்தார்கள். வாக்கெடுப்பைப் பெயர் சொல்லிப் பதிவு செய்யக் கேட்பதற்காக லிங்கனும் ஓரிருவரும் மட்டும் உள்ளே இருந்தார்கள். எண்ணிப் பார்த்தால் அவர்களையும் சேர்த்துக் கோரம் ஆகிவிட்டது. கதவு வழியாகப் போக முடியவில்லை. லிங்கன் ஜன்னலைத் திறந்து வெளியே குதித்தார். அதற்கு முன்பே அவர் பெயரை வந்தவர் கணக்கில் எழுதியாகிவிட்டது.